ஞாயிற்றுக்கிழமை வண்டி வருங்களா?

ஜூலை 29

பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று தள்ளிக்கொண்டு வரும் நாள்கள். 1948-இல் இதே தேதியில் லண்டனில் ஒலிம்பிக் தொடங்கியது. அன்றைக்கே ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனைப் புல்வெளியில் 14 ஆண்களும் 2 பெண்களும் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி அம்பு எய்தார்கள். முதுகுத்தண்டு அடிபட்ட முன்னாள் படைவீரர்கள். அதை நடத்திய லுட்விக் குட்மன், ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூத மருத்துவர். முதுகுத்தண்டு போனவர் படுக்கையிலேயே கிடந்து சில மாதங்களில் போய்ச் சேருவார் என்று மற்ற மருத்துவர்கள் விட்டுவிட்ட காலத்தில், அவர்களைப் பிடித்து உட்கார வைத்து விளையாடச் சொன்ன பிடிவாதக்காரர். 12 வருடம் கழித்து ரோமில் 23 நாடுகளின் 400 பேர் கூடினார்கள். முதல் பாராலிம்பிக் என்று இன்று சொல்லப்படுவது அதுதான்.

கொங்கு மண்டலத்தில் முதுகுத்தண்டு போர்க்களத்தில் உடைவதில்லை. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னை மரத்திலிருந்து விழுகிறார்கள். தோட்டத்துக் கிணற்றில், கட்டடச் சாரத்தில், அவினாசி சாலையில் இரவு நேர பைக்கில் விழுகிறார்கள். கோவையில் அறுவைச் சிகிச்சைக்கு ஆள் இல்லாமல் இல்லை. முதுகுத்தண்டு சிகிச்சைக்காகவே வெளிநாட்டு மருத்துவர்கள் வந்து கற்றுக்கொண்டு போகும் கங்கா மருத்துவமனை இங்கேதான் மேட்டுப்பாளையம் சாலையில் இருக்கிறது. சிக்கல் அதற்குப் பிறகு. மருத்துவமனையில் நாற்காலியைச் சுழற்றி ஓட்டக் கற்றுக்கொண்டவர் ஊருக்குத் திரும்பினால், வாசல் நிலைப்படி முழங்கால் உயரம். தெருவில் கருங்கல் ஜல்லி. விளையாட்டெல்லாம் பிறகு, வாசலைத் தாண்டுவதே பெரும்பாடு.

ஆகஸ்ட், ஒரு ஞாயிறு

கோவை கூடைப்பந்துப் பைத்தியம் பிடித்த ஊர். ஆண்களுக்கு நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பை, பெண்களுக்கு சி.ஆர்.ஐ. பம்ப்ஸ் கோப்பை என்று அகில இந்தியப் போட்டிகள் நடந்தால் வ.உ.சி. மைதானப் பக்கம் கூட்டம் நிரம்பும். அந்த ரசிகர்கள் ஒருமுறையாவது சக்கர நாற்காலிக் கூடைப்பந்தைப் பார்க்க வேண்டும். வளையம் ஒரு அங்குலம்கூட இறக்கப்படுவதில்லை, அதே 10 அடி. உட்கார்ந்த இடத்திலிருந்து தோள் பலத்தில் ஏற்ற வேண்டும். பந்தை மடியில் வைத்து இரண்டு தள்ளுக்கு மேல் போகக் கூடாது. அதற்குள் தட்ட வேண்டும், இல்லையென்றால் கைமாற்ற வேண்டும். உடல் இயக்கத்தைப் பொறுத்து ஒவ்வொருவருக்கும் 1 முதல் 4.5 வரை புள்ளி உண்டு. களத்தில் இருக்கும் ஐவரின் கூட்டுத்தொகை 14-ஐத் தாண்டக் கூடாது. இந்தக் கணக்கின் அழகு என்னவென்றால், இடுப்புக்குக் கீழே எதுவும் அசையாத ஒருவர் இல்லாமல் நல்ல அணியை அமைக்கவே முடியாது. அவரை யாரும் பரிதாபப்பட்டுச் சேர்ப்பதில்லை, கணக்கே அவரைக் கேட்கிறது.

இந்தியாவில் இந்த ஆட்டத்துக்கு ஒரு கூட்டமைப்பை உருவாக்கியவர்களில் முன்னால் நிற்பவர் மாதவி லதா. சிறு வயதில் போலியோ வந்தவர். சென்னையில் வங்கி வேலை பார்த்துக்கொண்டே நீச்சலில் இறங்கி, பிறகு மற்றவர்களையும் இழுத்து வந்தவர்.

ஆட்டம் தொடங்குமுன் கோட்டுக்கு வெளியே நடக்கும் வேலைதான் உதவிக்கு வரும் தன்னார்வலருடையது. புதிதாக வரும் கல்லூரி மாணவனுக்கு முதலில் கற்றுத் தருவது பந்து வீசுவதை அல்ல. சாதாரண நாற்காலியிலிருந்து விளையாட்டு நாற்காலிக்கு ஆளை எப்படி மாற்றுவது என்பதை. இரண்டுக்கும் பிரேக் போட வேண்டும். கால் தாங்கியை விலக்க வேண்டும். "எப்படித் தூக்கட்டுங்க?" என்று அவரிடமே கேட்க வேண்டும், ஏனென்றால் அவருடைய உடம்பு அவருக்குத்தான் தெரியும். மெத்தை மடிப்பு இல்லாமல் இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்க வேண்டும். உணர்ச்சி இல்லாத தோலில் ஒரு சுருக்கம் புண்ணாகிவிட்டால் மாதக்கணக்கில் படுக்கைதான். நெஞ்சுக்கு மேலே தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு வியர்வை சரியாக வராது, வெயில் ஏறினால் உடம்பு கொதிக்கும். பயிற்சியை விடியற்காலையில் வைப்பதும், ஓரத்தில் ஈரத் துண்டும் தண்ணீர் தெளிப்பானும் இருப்பதும் அதற்காகத்தான்.

விடியற்காலை என்றதும் அடுத்த கேள்வி வந்துவிடுகிறது. அன்னூரிலோ கிணத்துக்கடவிலோ இருக்கிற அம்மா ஒருவர் பயிற்சி பற்றிக் கேள்விப்பட்டால் முதலில் கேட்பது, "ஞாயிற்றுக்கிழமை வண்டி வருங்களா?" என்பதைத்தான். பயிற்சியாளர் யார், எந்த அணி என்பதெல்லாம் அப்புறம். இலவசப் பேருந்து அட்டை கையில் இருக்கும், பேருந்தில் மூன்று படிகளும் இருக்கும்.

செப்டம்பர் 10

2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் மாரியப்பன் தங்கவேலு 1.89 மீட்டர் உயரம் தாண்டியபோது இங்கே தேதி மாறிவிட்டிருந்தது. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டிக்காரர். 5 வயதில் பேருந்து ஏறி வலது கால் நசுங்கியது. அம்மா காய்கறி விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றினார். ரியோவில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம் என்று மூன்று பாராலிம்பிக்கிலும் வெறுங்கையோடு திரும்பாதவர். 2024-இல் கோபேயில் உலக சாம்பியன் பட்டமும் வாங்கினார்.

கவனிக்க வேண்டியது பள்ளிக்கூடக் காலத்தை. அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் இந்தப் பையனை உயரம் தாண்ட நிறுத்தினார், அதுவும் கால் நன்றாக இருந்த பிள்ளைகளோடு. உடற்கல்வி பீரியடில் ஊனமுள்ள பிள்ளையை மரத்தடியில் உட்கார வைத்துவிட்டு, மற்றவர்களின் செருப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்வது நம் பள்ளிகளின் நெடுநாள் பழக்கம். அந்த மரத்தடியில் உட்கார்ந்தே காலம் போக்கிய மாரியப்பன்கள் எத்தனை பேரோ. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 11.79 லட்சம் பேர்.

நவம்பர் 23

2025-இல் இந்த நாள் ஞாயிறு. கொழும்பில் பார்வையற்ற பெண்களுக்கான முதல் டி20 உலகக் கோப்பையை இந்தியா வென்றது, இறுதி ஆட்டத்தில் நேபாளத்தை 7 விக்கெட்டில் தோற்கடித்து.

பந்துக்குள் சிறு உலோகக் குண்டுகள் கலகலக்கும். பந்து வீசுபவர் "ரெடி?" என்பார். மட்டையாளர் "எஸ்" என்பார். "பிளே!" என்றதும் பந்து தரையோடு உருண்டு வரும், காதுதான் கண். பதினொரு பேரில் குறைந்தது நால்வர் முழுப் பார்வையற்றவர்களாக இருக்க வேண்டும். அவர்கள் எடுக்கும் ஒவ்வொரு ஓட்டமும் இரண்டாகக் கணக்கிடப்படும். இங்கே பார்வையாளர் செய்ய வேண்டிய பெரிய உதவி, வாயை மூடிக்கொண்டிருப்பது. கிரிக்கெட் மைதானத்தில் அதைவிடக் கடினமான தொண்டு நம் ஊரில் வேறு இல்லை.

டிசம்பர் 3

உலக மாற்றுத்திறனாளிகள் நாள், 1992 முதல். விளையாட்டுப் போட்டி, சால்வை, டிபன் பாக்ஸ் பரிசு, குழு போட்டோ. மேடைக்குச் சாய்தளம் இருக்காது, பரிசு வாங்க வருபவரை நாற்காலியோடு நான்கு பேர் தூக்கி வைப்பார்கள். நாலாம் தேதி யாரும் இல்லை.

டிசம்பர், மாரத்தான் ஞாயிறு

கோயம்புத்தூர் மாரத்தான் 2013-இல் தொடங்கியது. அதன் பிறகு ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் விடியற்காலை ஓடுபவர்கள் பெருகிவிட்டார்கள். பார்வையற்ற ஒருவரோடு இணைந்து ஓட இவர்களைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. சிறிய கயிற்று வளையத்தை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு, கை வீச்சை ஒத்துக்கொண்டு ஓட வேண்டும். "வேகத்தடை, மூணு அடி", "இடது திரும்பறோம்" என்று சொல்லிக்கொண்டே போக வேண்டும். இழுக்கக் கூடாது. போட்டி என்றால் துணை ஓட்டக்காரர் எல்லைக் கோட்டை முதலில் தொட்டுவிடக் கூடாது, தொட்டால் இருவருக்கும் போச்சு. பாரிஸ் பாராலிம்பிக்கில் சிம்ரன் சர்மா 200 மீட்டரில் வெண்கலம் வாங்கியபோது துணை ஓடிய அபய் சிங்குக்கும் பதக்கம் கிடைத்தது.

நியூயார்க்கில் டிக் டிராம் என்பவர் 1976-இல் செயற்கைக் காலோடு மாரத்தான் ஓடினார். 1983-இல் மாற்றுத்திறனாளிகள் ஓடுவதற்கு அகிலிஸ் என்ற சங்கத்தைத் தொடங்கினார். இன்றும் அங்கே தன்னார்வலர்கள் வாரந்தோறும் சென்ட்ரல் பார்க்கில் வந்து நிற்கிறார்கள். நம் கண்ணில் பட வேண்டியது அந்த வாரந்தோறும் என்பதுதான்.

ஜனவரி, பொங்கல் கழிந்து

பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயம், தி.சு. அவினாசிலிங்கம் 1930-இல் தொடங்கியது. அந்த வளாகத்தில் இயங்கும் விவேகானந்தா கல்வி நிறுவனத்தில் மாற்றுத்திறன் மேலாண்மைக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற உடற்கல்விக்கும் தனித் துறைகள் உண்டு. நாடு முழுக்கத் தேடினாலும் எளிதில் அகப்படாத படிப்பு, வீட்டுக்குப் பக்கத்திலேயே.

அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளுக்குத் துணை வேறு மாதிரி. அமெரிக்காவில் யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் 1962-இல் தன் வீட்டுத் தோட்டத்தில் கோடை முகாம் நடத்தியபோது மாணவர்களைத்தான் உதவிக்கு வைத்தார். 1968-இல் சிகாகோவில் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் பிறந்தது. அதன் யூனிஃபைட் ஆட்டங்களில் குறைபாடு உள்ளவரும் இல்லாதவரும் ஒரே அணியில் ஆடுவார்கள். தண்ணீர் பாட்டில் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்கும் தன்னார்வலரைவிட, கூட விளையாடித் தோற்கும் தன்னார்வலர் எவ்வளவோ மேல்.

ஜனவரி 31

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, 30-ஆவது பிரிவு: விளையாட்டில் பங்கேற்பதை உறுதிசெய்ய வேண்டியது அரசின் கடமை. முதலமைச்சர் கோப்பையிலும் இவர்களுக்குத் தனிப் பிரிவு வந்துவிட்டது. சட்டமும் கோப்பையும் வீட்டு வாசலுக்கு வண்டி அனுப்பாது. ஸ்வர்ணலதா தொடங்கிய கோவை ஸ்வர்கா அறக்கட்டளை, நாற்காலியோடு ஏறக்கூடிய வண்டியை ஓட விட்டிருக்கிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸில் உருவான நியோபோல்ட்டைச் சக்கர நாற்காலியின் முன்னால் மாட்டினால், மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் போகும் மூன்று சக்கர வண்டியாகிவிடும். இரண்டும் நல்ல தொடக்கம், ஒரு மாவட்டத்துக்குப் போதாது.

கணபதியிலும் பீளமேட்டிலும் லேத்தும் வெல்டிங்கும் வைத்திருக்கிற பட்டறைக்காரர்களே, மடக்கி எடுத்துப்போகும் இரும்புச் சாய்தளம் உங்களுக்கு ஒரு நாள் வேலை. மில்லிலும் கம்பெனியிலும் வேன்கள் ஞாயிற்றுக்கிழமை சும்மா நிற்கின்றன. பக்கத்துச் சிறப்புப் பள்ளியில் போய், எந்தப் பிள்ளைக்கு எந்த நேரத்தில் வண்டி வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். ஒத்துக்கொண்டால் அடுத்த வாரமும் போங்கள்.