மூணாவது கிலோமீட்டர்

கடைசியா வருவோம்னு கூச்சப்பட்டே ஓடாம இருக்கீங்களா? லண்டன்ல பிறந்த ‘பார்க்ரன்’ல அந்தக் கவலையே வேணாம். அடிபட்டு, ஓட முடியாம நொந்திருந்த பால் சின்டன்-ஹூவிட், நண்பர்களை விட்டுப் போகக் கூடாதுன்னு 2004-ல் ஆரம்பிச்ச சனிக்கிழமை ஓட்டம் அது. முதல் நாள் ஓடினது 13 பேர். 5 கி.மீ., இலவசம். இப்போ அங்கே கடைசி இடம் ஒரு தன்னார்வலருக்கே ரிசர்வ்டு!

எங்க ஐயம்பேட்டையில தறியும் காலேஜுமா இருக்கிற நாலு பேர், விடியக்காலையில ஓடுறோம். முகம் பார்த்துச் சொல்ல முடியாதது, பக்கத்துல மூச்சு வாங்குறவன்கிட்ட வந்துடுது. ‘வாழவே பிடிக்கலைடா’ன்னு நண்பன் சொன்னது மூணாவது கிலோமீட்டர்ல. அப்படியே நின்னோம். அன்னிக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். (ஓட்டம் மருந்துக்கு மாற்று இல்லீங்க.) இப்போ மாத்திரையும் சாப்பிடுறான், ஓடவும் வர்றான்.

கூட ஓட ஆளில்லாத ராத்திரின்னா, டெலி-மானஸ் 14416. 24 மணி நேரமும் எடுப்பாங்க, காசு கிடையாது.