விதை காட்டியவன் நான்தான்!

“சார், தேக்கு விதை எங்கே எடுக்கலாம்?” என்று கேட்டால் இப்போதெல்லாம் நான் உடனே பதில் சொல்வதில்லை. 1994-ல் அப்படிச் சொன்ன ஒரு பதில் இன்னும் உறுத்துகிறது.

வேலைக்குச் சேர்ந்த புதிது. டெல்டாவில் ஒரு பெரியவர் வரப்போரம் வைக்க விதை கேட்டார். வாய்க்கால் கரையில் தனியாக நின்ற ஒரு குட்டை மரத்தைக் காட்டினேன். கீழே கூட்டி அள்ளினாலே சாக்கு நிறையும், அவ்வளவு காய்ப்பு. படித்தவன் சொல்கிறானே என்று அதிலேயே எடுத்தார்.

தேக்கு பூப்பது நுனியில். நுனிக்குருத்து பூங்கொத்தாக மாறிவிட்டால், அதற்குக் கீழே இருக்கும் இரண்டு மொட்டுகள் கிளம்பி மரம் கவையாகப் பிரியும். சின்ன வயதில் பூக்கிற மரம் தாழ்விலேயே கவை விடும். அந்தக் குணம் பிள்ளைக்கும் வரும். ஆக, சுலபமாக விதை கிடைக்கிற மரம் பல நேரம் மோசமான தாய். போதாததற்குத் தனி மரம். சொந்த மகரந்தத்தில் பிடித்த காயில் வரும் கன்றுக்கு வீரியம் குறைவு. எல்லாம் கல்லூரியில் படித்ததுதான், வாய்க்கால் கரையில் ஞாபகம் வரவில்லை.

2018 கஜா புயலில் அவர் மரங்கள் பலவும் கவையில் பிளந்தன. மிஞ்சியவற்றில் எட்டு அடிக்கு மேல் நேர்க்கட்டை இல்லையென்று வியாபாரி விறகு விலை பேசினார். “மண்ணு சரியில்ல போல, தம்பி” என்றார் பெரியவர்.

“மண் நல்ல மண்தாங்கய்யா. விதைதான் தப்பு. காட்டினவன் நான்தான்” என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “பேரன் திரும்ப வைக்கணும்கிறான். அவனுக்காவது சரியாச் சொல்லுங்க” என்றார்.

பேரனுக்குச் சொன்னது இதுதான். ஒரே தோப்பில், ஒரே வயது மரங்களைத்தான் ஒப்பிட வேண்டும். ஓரத்து மரம் பருத்திருந்தால் அது தண்ணீரும் வெயிலும் செய்த வேலையாக இருக்கலாம். உள்ளே, பக்கத்து மரங்களோடு போட்டி போட்டு, நேராக, கவையில்லாமல் ஓங்கிய மரத்தை எடுங்கள். வனத்துறையினர் ‘பிளஸ் மரம்’ என்பது இதைத்தான். எவ்வளவு நல்ல மரமானாலும் ஒன்றோடு நிறுத்தக் கூடாது; தள்ளித் தள்ளி நிற்கும் 20 மரங்களிலாவது எடுத்துக் கலக்க வேண்டும்.

குளோன் சவுக்கு வைப்பவர்களுக்கும் இது பொருந்தும். ஒரே குளோன் என்றால் தோப்பு முழுக்க ஒரே மரம்தான். வாடல் நோய்க்கு அது தாங்காதென்றால் எதுவும் தாங்காது. மூன்று, நான்கு குளோன்களைக் கலந்து வையுங்கள். சவுக்கில் தவறினால் நாலைந்து வருடத்தில் திருத்திக்கொள்ளலாம். தேக்கில் முடியாது.

பேரன் சுற்று வட்டாரத் தோப்புகளில், சொந்தக்காரர்களிடம் கேட்டு, மரங்களுக்குச் சுண்ணாம்பால் குறி போட்டு வருகிறார். போன வாரம் போன் செய்தார். 18 தேறியிருக்கிறதாம், இன்னும் இரண்டு வேண்டுமாம்.