மூச்சு முட்டிய இன்ஜின்

பாம்பனில் எங்கள் வீட்டுத் துணிமணிகளில் எப்போதும் டீசல் வாடை அடிக்கும். அம்மா எவ்வளவு சவுக்காரம் போட்டுக் கசக்கினாலும் அப்பாவின் கைலியிலிருந்தும் சித்தப்பாவின் பனியனிலிருந்தும் அது போகாது. எனக்கு அந்த வாடை பிடிக்கும். இன்றைக்கும் எங்காவது ஒரு பழைய டீசல் இன்ஜின் இரைந்துகொண்டிருந்தால் கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டுத்தான் நகர்வேன்.

அப்பா போட்டு டிரைவர். இன்ஜின் சித்தப்பாவின் பொறுப்பு. எங்களுடையது மரப்போட்டு, உள்ளே இரண்டு சிலிண்டர் இன்ஜின். எனக்கு விவரம் தெரிந்தபோதே அது பழசாகியிருந்தது. பாட்டரியும் கிடையாது, செல்ஃப் மோட்டாரும் கிடையாது. கைப்பிடி போட்டுச் சுற்றித்தான் எடுக்க வேண்டும். இன்ஜின் ரூமுக்குள் பெரியவர்கள் குனிந்துதான் நிற்க முடியும், நான் நிமிர்ந்தே நிற்பேன். அதனாலேயே எனக்கு அங்கே ஒரு வேலை கிடைத்தது. சிலிண்டர் தலையில் இரண்டு சிறிய லீவர்கள் இருக்கும். அவற்றைத் தூக்கிவிட்டால் வால்வு திறந்தே நிற்கும், உள்ளே காற்று அடைபடாது, கைப்பிடி லேசாகச் சுற்றும். சித்தப்பா சுற்றிச் சுற்றி வேகம் பிடித்ததும் “விடு!” என்று கத்துவார். நான் லீவரைத் தட்டிவிட வேண்டும். சரியான நேரத்தில் தட்டினால் ஒரு உதறல், பிறகு டும் டும் என்று பிடித்துக்கொள்ளும்.

கைப்பிடியை நான்கு விரலால் மட்டும் பிடிப்பார் சித்தப்பா. கட்டைவிரலும் மற்ற விரல்களோடு ஒரே பக்கம்தான் இருக்கும். இன்ஜின் சில சமயம் எதிர்ப்பக்கம் உதைக்கும். கட்டைவிரலை மடக்கிச் சுற்றிப் பிடித்திருந்தால் மணிக்கட்டு போய்விடும். அப்படி வளைந்த மணிக்கட்டோடு வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவரைக் கரையில் எனக்குக் காட்டியிருக்கிறார்.

“இதுல பொறி போடுற பிளக்கே இல்லையே, எப்படிப் பத்துது?” என்று ஒருநாள் கேட்டேன். பதில் சொல்லாமல் சைக்கிள் பம்பை எடுத்து வரச்சொன்னார். அதன் வாயை விரலால் அடைத்துக்கொண்டு நாலு தரம் அழுத்தினார். பிறகு பம்பின் அடியைத் தொடச்சொன்னார். சுட்டது. “காத்தை நசுக்குனா சூடாகும். அம்புட்டுதான் டீசல் இன்ஜின்” என்றார். பதினாறு, பதினேழு மடங்கு நசுங்கிய காற்று 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் கொதிக்கும், அதில் தூவுகிற டீசல் தானாகவே பற்றும் என்று பள்ளிக்கூடத்தில் பின்னால் படித்தபோது எனக்குப் புதிதாக எதுவும் தெரியவில்லை.

பிஸ்டன் ரிங் தேய்ந்த இன்ஜினில் நசுங்கும் காற்று ஓரமாகக் கசிந்துவிடும், சூடு போதாது. பனிக்காலக் குளிரில் எங்கள் இன்ஜின் எடுக்க மறுத்ததற்கு அதுதான் காரணம். அப்போது சித்தப்பா காற்று உள்ளே போகும் வழியில் ஒரு கரண்டி இன்ஜின் ஆயில் விடுவார். ரிங்குக்கும் சிலிண்டருக்கும் நடுவே ஆயில் படிந்து கசிவை அடைக்கும். அதற்கும் மசியாவிட்டால் டீசலில் நனைத்த துணியைக் கம்பியில் சுற்றிக் கொளுத்தி அந்த வாயருகே காட்டுவார், சூடான காற்றையே அது உள்ளே இழுக்கட்டும் என்று. இருட்டில் அந்தத் தீயின் வெளிச்சத்தில் அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டே லீவரில் கைவைத்துக் காத்திருப்பேன்.

எடுத்த பிறகு அவர் வெளியே வந்து முதலில் பார்ப்பது புகையை. வெள்ளையாக வந்து கொஞ்ச நேரத்தில் மறைந்தால் கவலையில்லை, குளிரில் எரியாமல் வரும் டீசல் அது. நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. கறுப்பாகக் கக்கினால் ஒன்று காற்று போதவில்லை, அல்லது நாசில் டீசலைத் தூவாமல் ஒழுகவிடுகிறது, அல்லது தாங்கமுடியாத பாரத்தை இழுக்கிறது. இந்தக் கடைசிக் காரணத்தைத்தான் கரையில் பலர் மறந்துவிடுவார்கள். போட்டைத் தள்ளும் விசிறியில் ஒரு முழம் கயிறு சுற்றியிருந்தாலும், போட்டுக்கு அடியில் சிப்பி அப்பியிருந்தாலும் இன்ஜின் திணறும். நாம் மேலே உட்கார்ந்து நாசிலைக் கழற்றிக்கொண்டிருப்போம்.

நான் சொல்ல வந்தது ஒரு தை மாதத்தைப் பற்றி. கார்த்திகையில் போட்டைக் கரையேற்றிப் பலகை இடுக்குகளுக்குக் கலப்பத்துப் பார்த்து, பெயின்ட் அடித்து, தை பிறந்ததும் இறக்கினோம். முதல் நாளே கோளாறு. காலையில் ஒரே சுற்றில் எடுத்தது. புகை சுத்தம். ஒரு மணி நேரம் போல நன்றாக ஓடியது. பிறகு மெல்லச் சத்தம் இறங்கியது, திணறியது, நின்றது. ஃபில்டரின் திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அழுத்தி, நுரை போய்ச் சுத்தமான டீசல் வரும்வரை காற்றை வெளியேற்றினார்கள். எடுத்தது. கொஞ்ச தூரம் போனதும் மறுபடி நின்றது.

கரையில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஏர் லாக் என்றார் ஒருவர், டீசலில் தண்ணீர் என்றார் இன்னொருவர். ரிங் போச்சு, இன்ஜினை இறக்கிவிடு என்று சொன்னவர்தான் அப்பாவைப் பயமுறுத்தியவர். அந்தச் செலவுக்கு எங்களிடம் வழியே இல்லை. ஃபில்டரை மாற்றினார்கள். பைப் லைனின் செப்பு வாசர்களை எல்லாம் மாற்றினார்கள். அப்பா முங்கிப் போய் விசிறியைத் தடவிப் பார்த்தார், கயிறும் இல்லை வலையும் இல்லை. சித்தப்பா நாசில் இரண்டையும் கழற்றித் துணியில் சுற்றிக்கொண்டு மதுரைக்கு ரயிலேறினார். ரோட்டுப் பாலம் 1988 அக்டோபரில்தான் திறந்தது. அதற்கு முன்னால் பாம்பன் தீவிலிருந்து மதுரைக்கு ரயிலில்தான் போக வேண்டும். போய்த் திரும்பவே ஒரு நாள் ஓடிவிடும், தொழிலும் போய்விடும். நாசில் நன்றாகத் தூவுகிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

பொங்கல் லீவில் நானும் போட்டில் போனேன். வடகடலில் தொழில் பார்த்துத் திரும்பும்போது ரயில் பாலம் கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற இடத்தில் இன்ஜின் நின்றது. வாடைக்காற்று ஓயாத காலம். நீவாடு என்கிற நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கே, பாலத்தின் தூண்களுக்கு நடுவே பிய்த்துக்கொண்டு போகும். இன்ஜின் செத்த போட்டை அது தூணில் கொண்டுபோய் அடிக்கும். அப்பா ஒரு வார்த்தை பேசாமல் முன்பக்கம் அணியத்துக்கு ஓடி நங்கூரத்தை விட்டார். கயிறு விண்ணென்று இழுத்தது. பிடித்துக்கொண்டது.

எல்லோரும் இன்ஜின் ரூமுக்குள் பாய, சித்தப்பா மட்டும் ஸ்பானரைத் தொடவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தார்.

“ஏண்ணே, நிக்குறப்போ பட்டுன்னு நிக்குதா, இறங்கி இறங்கி நிக்குதா?”

“இறங்கித்தான்” என்றார் அப்பா.

“சும்மா விட்டுட்டுக் கொஞ்ச நேரங்கழிச்சு எடுத்தா?”

“எடுக்குது.”

அப்புறம் என்னைப் பார்த்தார். டேங்குக்குள் குச்சி விட்டு அளவு பார்ப்பது அந்த லீவு முழுக்க என் வேலையாக இருந்தது. “இன்னைக்கிக் காலையில எம்புட்டுடா இருந்துச்சு?” வாய்வரைக்கும் இருந்தது என்றேன். நேற்று? பாதிக்கும் கீழே. நேற்றுத்தான் போட்டு நிற்காமல் நெடுநேரம் ஓடியது.

சித்தப்பா எழுந்து டேங்கு மூடியில் கைவைத்தார். வழக்கமாக இரண்டு விரலில் சுற்றும் மூடி அசையவில்லை. துணி போட்டு அழுத்தித் திருகினார். ஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம், வெளியே வரும் சத்தமல்ல, உள்ளே இழுக்கும் சத்தம். டேங்கின் தகரம் டப்பென்று ஒரு முறை விடைத்துக்கொண்டது.

டேங்கிலிருந்து டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வந்தாக வேண்டும். அதற்காகவே மேலே ஒரு சிறிய செப்புக்குழாய் புறப்பட்டு, கேபின் சுவரைத் தாண்டி, தண்ணீர் புகாதபடி கீழ்நோக்கி வளைந்திருக்கும். அந்தக் குழாய் அடைத்துக் கிடந்தது. டேங்கு நிறைய இருக்கும்போது மேலே காற்றுக்கு இடம் கொஞ்சம், நாலு லிட்டர் இறங்கினாலே உள்ளே வெறுமை கூடிவிடும், பம்பால் இழுக்க முடியாது. பாதி டேங்கில் காற்று நிறைய. அது விரிந்து கொடுத்துக்கொண்டே இருக்கும். டீசல் நிறைய இருந்தால் சீக்கிரம் நின்றதும், குறைவாக இருந்தால் நெடுநேரம் ஓடியதும் அதனால்தான். காலையில் அளவு பார்க்க நானே மூடியைத் திறந்துவிட்டதால்தான் ஒவ்வொரு நாளும் முதல் ஒரு மணி நேரம் ஒரு குறையும் தெரியவில்லை.

ஏர் லாக் என்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. திருகைத் தளர்த்தியபோது நுரை வந்தது உண்மை. பம்பு அவ்வளவு பலமாக உறிஞ்சும்போது பைப் லைனில் எங்கே துளி இடுக்கிருந்தாலும் அதன் வழியாகக் காற்று உள்ளே வரும். காற்று எங்கிருந்து வருகிறது என்றுதான் அத்தனை பேரும் தேடினார்கள். ஏன் வருகிறது என்று கேட்டவர் சித்தப்பா ஒருவர்தான். பழைய இன்ஜினோடு பழகுகிறவர்களுக்கு இந்தக் கேள்வி கைவர வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கையில் ஸ்பானர் வந்துவிட்டால் கேள்வி கேட்கும் பொறுமை போய்விடுகிறது.

மூடியைத் தளர்வாகவே வைத்து, காற்றெடுத்து, கைப்பிடி போட்டார். நான் லீவரைத் தட்டினேன். நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு கரைக்கு வந்து சேர்ந்தோம்.

மறுநாள் காலையில் ஒரு சைக்கிள் கம்பியை அந்தக் குழாயின் வளைவில் விட்டுக் குடைந்தார்கள். செம்மண் பொடியாகக் கொட்டியது. கூடவே காய்ந்து சுருண்ட பச்சைப் புழுக்கள் இரண்டு மூன்று. கரையில் கிடந்த மாதத்தில் குளவி அதற்குள் கூடு கட்டி, தன் குஞ்சுக்கு இரை வைத்து, வாயை மண்ணால் பூசிவிட்டுப் போயிருக்கிறது. குளவி கூடு கட்டினால் வீட்டில் பிள்ளை பிறக்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை, யாரும் கலைக்க மாட்டார்கள். விஷயத்தைக் கேட்ட அம்மா கலைத்ததற்காகத்தான் வருத்தப்பட்டாள். அடுத்த கார்த்திகையிலிருந்து போட்டைக் கரையேற்றியதும் குழாயின் முனையில் கொசுவலைத் துணி வைத்துக் கட்டும் வேலையும் என்னிடம் வந்தது.

சில வருடம் கழித்துப் பெரிய இன்ஜின் வந்தது. பாட்டரி, செல்ஃப் எல்லாம் இருந்தது. எனக்கு லீவர் தட்டும் வேலை போய்விட்டது. ஒருநாள் அதிகாலை பொத்தானை அமுக்கினால் டக் என்று மட்டும் சத்தம், இன்ஜின் அசையவில்லை. விளக்கு மங்கியது. புதுப் பாட்டரி வேண்டும் என்று ஒருவரும், செல்ஃப் மோட்டார் போய்விட்டது என்று ஒருவரும் சொல்ல, அப்பா பணத்துக்கு யாரிடம் போவது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டார்.

சித்தப்பாவுக்கு அப்போது கண் கொஞ்சம் மங்கியிருந்தது. என்னைப் பொத்தானை விட்டு விட்டு அமுக்கச் சொன்னார். பாட்டரியிலிருந்து மோட்டார் வரை ஒவ்வொரு இணைப்பாகப் புறங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டே போனார். மின்சாரம் தடையில்லாமல் போகிற இடம் சுடாது; தடைபடுகிற இடம்தான் சுடும். பாட்டரி முனை இரண்டும் சில்லென்று இருந்தன. இன்ஜின் அடியில் எர்த் வயர் முடுக்கியிருந்த போல்ட்டில் கைவைத்ததும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். உப்புக்காற்றில் அதன் கண்ணியில் பச்சை பூத்து, வயர் ஒட்டியும் ஒட்டாமலும் இருந்தது. கழற்றி, உப்புத்தாள் போட்டுச் செம்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, முடுக்கிவிட்டு மேலே கிரீஸ் தடவினார்.

பொத்தானை அமுக்கினேன். எடுத்தது. அப்பா கரையில் நின்றவர்களைப் பார்த்து ஐஸ் ஏற்றச் சொன்னார்.