முழங்கையில் விழும் கோடுகள்

கனத்த குதிரைத் தோலில் தைத்த புது ஜாக்கெட்டுக்கு ஹேங்கர்கூடத் தேவையில்லை. தரையில் வைத்தாலே நிற்கும் அளவுக்கு விறைப்பு இருக்கும். போட்டுக்கொண்டவர் பாடுதான் திண்டாட்டம். கை முழுசாக மடங்காது. உட்கார்ந்தால் காலர் தாடையில் இடிக்கும். சரிப்படாது என்று பீரோவுக்குள் மாட்டிவிடுகிறவர்கள் ஒரு நல்ல பொருளை அதன் அருமை தெரிவதற்கு முன்பே கைவிடுகிறார்கள்.

தோலுக்குள் இருப்பது நெருக்கமாகப் பின்னிய கொலாஜன் நார்கள். பதனிடும்போது ஏற்றும் எண்ணெய்தான் அவற்றை ஒன்றோடொன்று உரசாமல் வழுக்க வைக்கிறது. அப்படியும் புதுத் தோல் இறுக்கமாகவே இருக்கும். மடக்கி நீட்ட, மடக்கி நீட்டத்தான் இளகும். அதிகம் மடங்கும் இடம் முதலில் இளகுவதால், முழங்கையின் உட்பக்கம் குறுக்கே இரண்டு மூன்று கோடுகள் ஆழமாக விழுகின்றன. கையின் நீளம், பைக் ஹேண்டிலைப் பிடிக்கும் விதம், உட்காரும் வாகு எல்லாம் சேர்ந்து அந்தக் கோடுகளின் இடத்தை முடிவு செய்கின்றன.

பைக் ஓட்டுவோருக்கான இந்த ஜாக்கெட்டின் மூலவடிவத்தை 1928-இல் நியூயார்க்கில் இர்விங் ஷாட் உருவாக்கினார். தனக்குப் பிடித்த சுருட்டின் பெயரையே அதற்கும் வைத்தார்: பெர்ஃபெக்டோ. லாங் ஐலண்டில் ஹார்லி டேவிட்சன் விற்பனையாளர் ஒருவரிடம் விலை ஐந்தரை டாலர். அழகுக்காகத் தைத்தது என்றே பலர் நினைக்கும் ஒவ்வொன்றுக்கும் அதில் காரணம் உண்டு. ஜிப் நடுவில் இல்லாமல் கோணலாக ஓடுவதால் மார்பில் தோல் இரண்டு அடுக்காக விழுந்து எதிர்காற்றைத் தடுக்கிறது. குனிந்து ஓட்டும்போது ஜிப் வயிற்றில் குத்துவதுமில்லை. தோலின் கனமும் அப்படித்தான். வண்டியிலிருந்து விழுந்தால் தார்ச்சாலையில் தேயப்போவது ஜாக்கெட்டா, உடம்பா என்பதே கேள்வி. 1953-இல் 'தி வைல்ட் ஒன்' படத்தில் மார்லன் பிராண்டோ போட்டு வந்த பிறகுதான் அது இளைஞர்களின் திமிருக்கு அடையாளமானது. அதற்கு முந்தைய கால் நூற்றாண்டு, அது காற்றுக்கும் காயத்துக்கும் பயந்தவர்களின் உடை.

பதனிடும் முறையும் விறைப்பைத் தீர்மானிக்கிறது. வாணியம்பாடியிலும் திண்டுக்கல்லிலும் ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டு வாரக்கணக்கில் ஊறவைத்துப் பதனிட்ட தோல் ஒரு காலத்தில் லண்டன் சந்தைக்குக் கப்பலேறியது. அப்படிப் பட்டையில் பதனிட்ட தோல் கெட்டியாக இருக்கும். ஒருமுறை விழுந்த மடிப்பை விடாது. குரோம் உப்பில் ஓரிரு நாளில் பதனிடும் தோல் ஆரம்பத்திலேயே மெத்தென்று இருக்கும். இன்றைய ஜாக்கெட்டுகளில் பெரும்பாலானவை இந்த ரகம்தான்.

பொறுமை இல்லாதவர்கள் சுடுநீரில் முக்குகிறார்கள், ஹீட்டர் அருகே காயவைக்கிறார்கள். சூட்டில் நார்கள் சுருங்கினால் தோல் மொறமொறத்துப்போகும்; பிறகு எந்த எண்ணெயும் அதை மீட்காது. எண்ணெயை அள்ளிப் பூசினால் தொளதொளவென்று ஆகிவிடும். வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு நடமாடுவதும், லேசாக நனைந்தால் நிழலில் உலர்த்துவதும் போதும்.

தொழிற்சாலையிலேயே தேய்த்துக் கசக்கிப் பழசாக்கி விற்கும் ஜாக்கெட் இந்தத் தொல்லையெல்லாம் தராது. ஆனால் அதன் மடிப்புகள் யாருடைய கைக்கும் உரியவை அல்ல. ஒருவர் போட்டுப் பழகியதை வாங்குவதில் வேறு சிக்கல்: அளவு கச்சிதமாக இருந்தாலும், முதலில் போட்டவரின் முழங்கை சற்று மேலே இருந்திருந்தால் மடிப்பும் அங்கேதான் இருக்கும். வாங்கியவர் தன் கோடுகளை அதற்குக் கீழே புதிதாக விழவைத்தாக வேண்டும்.