நாற்பது சைஸ்

2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் இலங்கை அரசு மறுபடி திறந்துவிட்டது. வரியும் சேர்ந்த புதுக்கார் விலைகளைப் பத்திரிகையில் பார்த்த நண்பர் ஒருவர் சிரித்தார். "எங்கட ஒழுங்கையில ஒராள் அறுபது வருசக் காருக்கு எஞ்சின் இறக்கி வைச்சிருக்கிறார். வந்து பாருமன், புதுக்கார் ஆசை போயிடும்" என்றார்.

யாழ்ப்பாணத்து மானிப்பாய் வீதியிலிருந்து பிரிந்து உள்ளே போகும் ஒழுங்கை அது. கராஜ் என்று பெயர்ப்பலகை ஏதும் இல்லை. வீட்டு வளவு, கிணற்றடிக்கு அப்பால் ஒரு தகரக் கொட்டில், பக்கத்தில் கிளை பரந்த மாமரம். தடித்த கொப்பில் செயின் புளொக் தொங்கியது. அதன் கீழே சாக்கு விரித்து, நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒன்றைக் கிடத்தியிருந்தார்கள். வாய் திறந்து கிடந்த கார் ஒஸ்ரின் ஏ55 கேம்பிறிட்ஜ். பின்பக்கம் இரண்டு வால் துருத்தி நிற்கும் 1959ஆம் ஆண்டு வடிவம். சொந்தக்காரர் கனடாவில் இருக்கிறார். மகளின் கலியாணத்துக்கு அப்பாவின் கார் ஓடவேண்டுமாம்.

அண்ணை கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வந்தார். அறுபதைத் தொட்டிருப்பார். நான் காரைச் சுற்றிப் பார்ப்பதைக் கண்டதும், "காரை விடுங்கோ தம்பி, இதைப் பாருங்கோ. இது ரேஸ் கார் எஞ்சின்" என்றார்.

பகிடி இல்லை. பிரிட்டிஷ் மோட்டர் கோப்பரேசனின் 'பி' வரிசை எஞ்சின் இது, 1489 சிசி. 1955இல் வந்த எம்ஜிஏ என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரிலும் இதே எஞ்சின்தான். அதற்கு எஸ்யு கார்பரேற்றர் இரண்டு. அண்ணையின் கேம்பிறிட்ஜுக்கு ஒன்று. 1962இல் எம்ஜிபி வந்தபோது இதையே 1798 சிசிக்குப் பெருப்பித்தார்கள். மொறிஸ் மைனரின் சிறிய 'ஏ' வரிசை எஞ்சினும் அப்படித்தான், எம்ஜி மிட்ஜெற்றுக்குள்ளும் போனது. இங்கிலாந்தில் எம்ஜி வைத்திருக்கும் ஒருவர் சனி ஞாயிறுகளில் வீட்டுக் கராஜுக்குள் ஆசைக்காகச் செய்கிற வேலையை, இவர் மாமரத்தடியில் நாள் முழுவதும் சோற்றுக்காகச் செய்கிறார்.

எஞ்சினைக் கழற்றிய கதை முழுவதையும் சொல்லப்போவதில்லை. ரைமிங் செயினின் அடையாளங்களை ஒன்றுக்கொன்று நேராக்கிய இடம் எனக்குப் பிடிபடவில்லை. நட்டுகளைக் கழுவி அடுக்கிய நேரம் நான் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். ஆனால் அவர் காட்டிய இரண்டு அழிவுகள் இந்த மண்ணுக்கே உரியவை.

முதலாவது, தண்ணீர். புளொக்கின் பக்கவாட்டு அடைப்புகளைத் தட்டி எடுத்துக் கம்பியால் உள்ளே கிண்டினார். வெள்ளை வெள்ளையாகக் கட்டிகள் உதிர்ந்தன. யாழ்ப்பாணம் சுண்ணக்கல்லின் மேல் இருக்கும் ஊர். கேத்தலின் அடியில் படிவது எஞ்சினுக்குள்ளும் படியும். தண்ணீர் ஓடவேண்டிய வழி அடைபட்டால் எஞ்சின் சூடேறி ஹெட் வளையும். "றேடியேற்றருக்கு மழைத்தண்ணி பிடிச்சு விடுங்கோ எண்டு எத்தினை பேருக்குச் சொல்லியாச்சு" என்றார்.

இரண்டாவது, மண்ணெண்ணெய். இதைச் சொல்லத் தொடங்கியதும் அவருடைய சொந்தக் கதையும் கூடவே வந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் பள்ளிக்கூடத்தை விட்டு ஒரு கராஜில் சேர்ந்தவர். முதல் இரண்டு வருசமும் சாவி எடுத்துக் கொடுப்பதுதான் வேலை. 1990 யூனில் மறுபடி சண்டை தொடங்கியபின் வடக்குக்குப் பெற்றோல் வருவது நின்றது. பற்றறியும் சீமெந்தும் அதோடு நின்றன. அளவாக வந்த மண்ணெண்ணெயில்தான் குப்பி விளக்கும், தோட்டத்து மெசினும், காரும். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அதனால் சிறிய பிளாஸ்ரிக் போத்தலில் பொத்திப் பொத்தி வைத்த பெற்றோலைக் கார்பரேற்றருக்குள் கொஞ்சம் பீச்சி ஸ்ராட் பண்ணி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எஞ்சின் இடித்துக்கொண்டு ஓடும். இடியைக் குறைக்க ஹெட்டுக்கு இரட்டைக் காஸ்கற் போட்டு அமுக்கத்தைக் குறைப்பது, டிஸ்ரிபியூற்றரைத் திருப்பி நெருப்பைப் பிந்த விடுவது எல்லாம் அப்போது பழகிய கைவேலை.

"ஓடினது சரி. ஆனா பாருங்கோ, ஒயில் பார்க்கிற கம்பியை எடுத்தா ஒயில் குறைஞ்சிருக்காது, கூடியிருக்கும்" என்றார். எரியாத மண்ணெண்ணெய் றிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கி ஒயிலோடு கலந்துவிடும். மட்டம் ஏறும், ஒயில் நீர்த்துப்போகும். நீர்த்த ஒயில் பெயாறிங்கைத் தின்னும், சிலிண்டரைத் தின்னும். அந்த வருசங்களின் தேய்மானம் இந்தப் புளொக்கில் கை வைத்தபோது தெரிந்தது. சிலிண்டரின் மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே என் விரலைப் பிடித்து வைத்தார். நகம் தட்டுப்பட்டு நின்றது. றிங் எட்டாத மேற்பகுதி பழைய அளவில் இருக்க, கீழ்ப்பகுதி குழிந்து போயிருந்தது.

சண்டை நெருங்கி, 1995 ஒக்ரோபர் 30இல் ஊரே எழுந்து நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தபோது, அவருடைய சைக்கிள் கரியரில் இருந்தது சாவிப்பெட்டி. உடுப்புப் பையை அம்மா தலையில் சுமந்தாராம். அந்தப் பெட்டியில் மிஞ்சிய ஒரு பொருளை இப்போதும் பாவிக்கிறார். உடைந்த ஹக்சோ பிளேட், விரல் நீளம். அதன் தடிப்பு 25 தவ், அதாவது அங்குலத்தின் ஆயிரத்தில் 25 பங்கு. இந்த எஞ்சினின் பிளக் இடைவெளியும் சரியாக 25 தவ். கேஜ் வாங்க வழியில்லாத காலத்தில் பற்களை உரஞ்சி எடுத்துவிட்டு அதையே கேஜ் ஆக்கியிருக்கிறார். இன்று பக்கத்திலேயே நல்ல கேஜ் கிடக்கிறது. வால்வுக்கு 15 தவ் பிடிக்க அதை எடுக்கிறார். பிளக் என்றால் கை தானாகப் பிளேட்டுக்குத்தான் போகிறது.

அடுத்தமுறை நான் போனபோது, சிலிண்டர்களைப் பட்டறையில் கொடுத்துக் கடைந்து 40 சைஸுக்குக் கொண்டுவந்திருந்தார். தொடக்க அளவைவிட 40 தவ், ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் அகலம். அதற்குமேல் கடைய அவருக்கு விருப்பமில்லை. சுவர் மெலிந்துவிடும், பிறகு ஸ்லீவ் அடிக்க வேண்டும். பிஸ்ரன் எங்கே கிடைத்தது என்று கேட்டேன். இந்தியாவின் உத்தரபாராவில் 2014 வரை வந்த அம்பாசடருக்குள்ளும் நெடுங்காலம் ஓடியது இந்த 1489 சிசி எஞ்சின்தான். கொழும்பு பஞ்சிகாவத்தையில் இல்லாத சாமான் சென்னை புதுப்பேட்டையில் இருக்கும். பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் வந்தபின், போய்வரும் யாராவது உடுப்புகளுக்கு நடுவில் றிங் செற் ஒன்றைச் சுற்றிக்கொண்டு வருகிறார்கள்.

நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தது வால்வு உரஞ்சுவதை. உதவிக்கு இருந்த பெடியன், நுனியில் றப்பர் உறிஞ்சி உள்ள தடியை வால்வில் ஒட்டி, பசை பூசி, மத்துக் கடைவதுபோல் உள்ளங்கைகளுக்கிடையில் முன்னும் பின்னும் உருட்டினான். முதலில் மணல் நெரிகிற சத்தம். போகப்போக அது அடங்கியது. அண்ணை அந்தப் பக்கம் திரும்பாமலே "காணும், தூக்கிப் பார்" என்றார். வால்வின் விளிம்பைச் சுற்றி ஒரே அகலத்தில் சாம்பல் வளையம் விழுந்திருந்தது. பிறகு ஹெட்டைக் கவிழ்த்து, பிளக்குகளைப் பூட்டி, குழிகளுக்குள் மண்ணெண்ணெய் விட்டார்கள். மற்றப் பக்கத் துவாரத்தில் ஒரு துளி கசிந்தாலும் மறுபடி உரஞ்ச வேண்டும். அன்று மூன்றாவது சிலிண்டர் கசிந்தது. பெடியன் வாய் திறக்காமல் தடியை எடுத்தான்.

இந்த வேலைக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்டபோதுதான் அண்ணைக்குக் குரல் உயர்ந்தது. சண்டை முடிந்து ஏ9 வீதி திறந்தபின் புறோக்கர்மார் வளவு வளவாக ஏறி இறங்கினார்களாம். பிள்ளைகள் வெளிநாட்டில், வீட்டில் தனியே வயதான அம்மா. "உது கறள் இரும்பு ஆச்சி, இடத்தை அடைச்சுக்கொண்டு நிக்குது" என்று சொல்லி, ஓடுகிற காரைப் பழைய இரும்பு விலைக்குத் தள்ளிக்கொண்டு போவார்கள். கொழும்பில் பெயின்ற் அடித்தால் அதே கறள் இரும்பு 'கிளாசிக்' ஆகிவிடும். வாங்குபவருக்கும் ஆச்சிக்கும் நடுவில் நின்றவன் ஒரு நட்டுக்கூடத் திருகியதில்லை.

எனக்கும் கோபம் வந்தது. பெற்றோல் இல்லாத காலத்தில் இந்தக் கார்கள் நோயாளிகளைப் பெரியாஸ்பத்திரிக்கும் பொம்பிளையை மணவறைக்கும் கொண்டுபோயின. அவற்றை ஓட வைத்தது ஒருவருடைய காதும் கையும். இன்று அரிய பொருள் என்று காரின் விலை ஏறுகிறது. ஏறுகிற காசில் ஒரு பங்கு பெயின்றுக்கு, ஒரு பங்கு புறோக்கருக்கு, ஒரு பங்கு சாமான் கடைக்கு. எஞ்சின் வேலைக்கு மட்டும் இன்னும் நாட்கூலி, அதிலும் பேரம். கனடாவிலிருந்து பார்சல் அனுப்பும் செலவைக் கேள்வி கேட்காமல் கட்டுகிறவர்கள் கைக்கூலியில் ஆயிரத்தைக் குறைக்க வட்ஸ்அப்பில் அரை மணி நேரம் கதைக்கிறார்கள். இப்படியிருக்க, பெடியள் தொழில் பழக வருகிறார்களில்லை என்று கவலைப்படுவதில் என்ன நியாயம்?

அண்ணை தன் பங்குக்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். நாற்பது பக்கக் கொப்பிகளில் காருக்கு ஒரு கொப்பி. எந்த வருசம் எந்த சைஸுக்குக் கடைந்தது, கிறாங் எத்தனை தவ் உரஞ்சியது, எந்தப் பெயாறிங் போட்டது, எல்லாம் பேனையால் எழுதித் திகதி போட்டிருக்கிறார். தன்னுடைய ஞாபகத்துக்காகத் தொடங்கியதாம். கொஞ்ச நாளைக்கு முன் ஒரு புறோக்கர் வந்து, விற்கப்போகும் மொறிஸ் ஒக்ஸ்போர்ட்டின் கொப்பியைக் கேட்டிருக்கிறார். எஞ்சினின் சரித்திரம் கையில் இருந்தால் கொழும்பில் விலை கூடும்.

"சும்மா பழைய கொப்பிதானே அண்ணை, தாங்கோவன் எண்டான். நான் சொன்னன், காருக்கு நீ சொல்லுற விலையில பத்தில ஒண்டு எனக்கு. இல்லாட்டி, எஞ்சினைத் திறந்து நீயே அளந்து எழுது."

புறோக்கர் இரண்டாம் நாள் காசோடு வந்தாராம். கேம்பிறிட்ஜின் கொப்பியில் அன்று எழுதியதை எனக்குக் காட்டினார்: 40 சைஸ், நாலு சிலிண்டரும். கீழே கைக்கூலி என்று எழுதி, தொகைக்கு இடம் விட்டிருந்தார். கனடாக்காரர் பின்னேரம் எடுப்பார், இந்தமுறை பேரம் இல்லை என்றார்.