அப்பாவுக்குக் கூற்று இல்லை

சீரியல் காட்சியையும் சங்கப் பாட்டையும் ஒரே படத்தில் சேர்ப்பவர்கள் பெரும்பாலும் பேசுகிற முகத்தைத்தான் தேடுகிறார்கள். கதாநாயகி அழுதால் பக்கத்தில் தலைவியின் பாட்டு. பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் முகம் சொன்னதையே பாட்டும் சொல்லிவிட்டுப் போகும். நான் தேடுவது கேட்கிற முகத்தை.

அகப்பாட்டின் அமைப்பு அப்படி. ஒருவர் பேசுவார், கேட்பவர் வாய் திறக்கமாட்டார். சிறைப்புறமாகச் சொல்லும் பாட்டில் தலைவி தோழியிடம் பேசுவதாகத்தான் பெயர். வேலிக்கு அப்பால் நிற்கும் தலைவன் காதில் விழ வேண்டும் என்பதற்கே அத்தனை பேச்சும். கேட்டபின் அவன் முகம் எப்படிப் போனது என்று பாட்டு சொல்வதில்லை. மெகா சீரியலிலோ அந்த முகத்துக்குப் பஞ்சமே இல்லை. ஒரு வசனம் விழுந்தால் கூடத்தில் நிற்கிற எல்லோருக்கும் தனித்தனி ரியாக்‌ஷன் ஷாட். ஊரே கேலி செய்யும் அந்த ஷாட்கள்தான் எனக்குச் சரக்கு.

நான் திரும்பத் திரும்பப் போவது 'மெட்டி ஒலி'க்கு. 2002 முதல் 2005 வரை சன் டிவியில் ஓடியது, இயக்கம் திருமுருகன். ஐந்து பெண்களைப் பெற்ற சிதம்பரமாக டெல்லி குமார். மகள் பேசப் பேச அவர் கேட்டுக்கொண்டிருக்கும் குளோசப்களை மட்டும் தனி ஃபோல்டராக வைத்திருக்கிறேன்.

அந்தக் காலத்து வீடியோவில் பிரேம் பிடிப்பது பொறுமையைச் சோதிக்கும். நம் டிவி அப்போது பால் முறை: நொடிக்கு 25 பிரேம், ஒவ்வொன்றும் இரண்டு பாதிகளாக, ஒற்றைப்படைக் கோடுகள் தனி, இரட்டைப்படைக் கோடுகள் தனி. ஆள் அசைந்துகொண்டிருக்கும்போது நிறுத்தினால் இரண்டு பாதியும் ஒன்றோடொன்று பொருந்தாமல் முகத்தின் ஓரம் சீப்புப் பல்லாகப் பிளந்து நிற்கும். மென்பொருளில் சரிசெய்யலாம்தான்; செய்தால் கண்ணின் கூர்மை போய்விடும். அதனால் அவர் அசையாத கணத்துக்காக பிரேம் பிரேமாக நகர்த்துவேன். கேட்கிற முகத்தில் இது ஒரு வசதி, அது அதிகம் அசைவதில்லை. மூலையில் இருக்கும் சேனல் லோகோவை அழிப்பதில்லை. அது அந்தப் படத்தின் வயது.

அளவு கணக்கு எளிது. 1080க்கு 1350 கேன்வாஸில் 4:3 படம் 810 உயரத்தை எடுத்துக்கொள்ளும். கீழே 540 பிக்சல் பாட்டுக்கு. மூன்று முதல் ஆறு அடி வரை போகும் ஐங்குறுநூறு அதில் சௌகரியமாக உட்காரும். அகநானூறு 13 அடிக்குக் குறையாது, அந்த ஆசையை விட்டுவிட்டேன். ஃபோட்டோஷாப்பில் தமிழுக்கான எழுத்தமைப்பை முதலில் மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் கொம்பு ஒரு பக்கம், மெய் ஒரு பக்கம் என்று எழுத்து சிதறும்.

எனக்குப் பிடித்த இடம் ஈற்றயலடி. நேரிசை ஆசிரியப்பாவில் எல்லா அடியும் நான்கு சீர், கடைசிக்கு முந்தையது மட்டும் மூன்று. இடப்பக்கம் ஒழுங்காக அடுக்கினால் வலப்பக்கம் அந்த ஓர் அடியில் குழிவிழும். சென்டர் செய்து அதை மறைப்பவர்கள் உண்டு; எனக்கு அது கோபம் வரவழைக்கும் வேலை. நான் மேலே உள்ள படத்தின் நிழலை மாஸ்க் போட்டுக் கீழே இழுத்து அந்தக் குழிக்குள் முடிப்பேன். பார்ப்பவர் கண் முகத்திலிருந்து இறங்கி அங்கேதான் நிற்கும்.

சிதம்பரத்துக்கு நான் வைத்தது ஐங்குறுநூற்றுப் பாலையில், ஓதலாந்தையாரின் 'மகட் போக்கிய வழித் தாயிரங்கு பத்து'. அங்கே மகள் காதலனோடு போய்விட்டாள். இங்கே மகளை ஊர்கூட்டி அனுப்பிவைத்தவரே இவர். பொருத்தம் கோணல்தான், தெரிந்தே வைத்தேன். அகத்தில் அப்பாவுக்குப் பேச்சே கிடையாது. தந்தையும் தமையனும் சொன்னதாக மற்றவர் எடுத்துச் சொல்லலாம், அவர்களே நேராகப் பேசும் தனிக் கூற்று இல்லை என்கிறது தொல்காப்பியச் செய்யுளியல். புலம்புவதெல்லாம் பெற்ற தாயான நற்றாயும் வளர்த்த தாயான செவிலியும்தான். அந்தப் புலம்பலை வீட்டில் ஒரு மூலையில் இருந்து கேட்டிருக்கக்கூடிய ஆள் ஒருவர் உண்டல்லவா, அவருடைய முகத்தைத்தான் டெல்லி குமாரிடம் எடுத்துக்கொள்கிறேன்.

படத்தில் பொழிப்புரை போடுவதில்லை. பாட்டுக்கு அடியில் சின்ன எழுத்தில் யார் கூற்று என்பது மட்டும் வரும். 'தந்தை கூற்று' என்று மாற்றிவிடலாமே என்று தோழி ஒருத்தி கேட்டாள். மாற்றவில்லை, அவர் முகத்துக்குக் கீழே 'நற்றாய் கூற்று' என்றே இருக்கிறது.