கைராசி

சிவகாசி, திருத்தங்கல் பக்கம் எனக்குக் கைராசிக்காரன் என்று பெயர். அந்தப் பெயரில் ஒரு பங்கு, நான் தப்பாகக் கணித்த ஒரு நோயால் வந்தது.

2015-ல், பங்குனிப் பொங்கல் முடிந்த சமயம். அறுபதைத் தாண்டிய ஒரு அண்ணாச்சியை அவருடைய மகள் கூட்டி வந்தார். பட்டாசு ஆபீஸில் போர்மேனாக இருந்து ஓய்ந்தவர். சரக்குக் கணக்கை மனசிலேயே போட்டுச் சொல்கிற மனிதருக்கு ஒரு மாதமாகப் பேரன் பெயர் வாயில் வரவில்லை. வீட்டுக்குள்ளேயே திசை தெரியாமல் நிற்கிறார். நடை ஒரு பக்கமாகச் சாய்கிறது. "மருந்து தலைக்கு ஏறிருச்சுன்னு சொல்றாக டாக்டரய்யா" என்றார் மகள். அலுமினியப் பொடியும் அன்று பேரியமும் புழங்கிய ஊரில் எந்த நோய் வந்தாலும் முதலில் பழி சுமப்பது வெடிமருந்துதான். நான் அதை ஒதுக்கினேன். ஒதுக்கியது சரிதான், ஆனால் ஊரைவிட எனக்குத் தெரியும் என்ற மிதப்பு அப்போதே ஏறிவிட்டது.

போன தீபாவளியிலிருந்து கண்முன்னால் கொசு பறக்கிற மாதிரி இருப்பதாக அவரே சொன்னார். ஆயுசு முழுக்க வெடித்துப் பார்த்த வெளிச்சம் அண்ணாச்சி, கண்ணு கேட்குமா என்று சொல்லிச் சிரித்தேன். அவரும் சிரித்தார். கண் டாக்டரிடம் அனுப்பவில்லை.

எம்.ஆர்.ஐ.யில், மூளையின் இரு பாதிகளையும் இணைக்கிற பட்டையை ஒட்டி, நீரறைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கட்டி, சுற்றிலும் வீக்கம். அறிக்கையில் இரண்டு பெயர் இருந்தன. ஒன்று டி.பி. கட்டி. மற்றது லிம்போமா. இரண்டாவதை நான் கவனிக்கவில்லை என்று சொல்ல முடியாது. அதன் பக்கத்தில் பென்சிலால் கேள்விக்குறி போட்டவன் நான்.

மூளையில் மட்டுமே தொடங்குகிற லிம்போமா அபூர்வம். மூளைக் கட்டிகளில் நூற்றுக்கு மூன்று நாலு இருந்தால் அதிகம். நோயை எதிர்க்க வேண்டிய பி-லிம்போசைட் அணுவே புற்றாக மாறி, மூளைக்குள் குடியேறிப் பெருகுகிறது. பெரும்பாலும் அறுபது வயதை ஒட்டியவர்களுக்கு வரும். சிலருக்குக் கண்ணிலேயே முதலில் தலைகாட்டும், கொசு பறக்கிற மாதிரி. டி.பி.யோ நம் வீட்டு நோய். உலகக் காசநோயாளிகளில் நாலில் ஒருவர் இந்தியர். எங்கள் பக்கம் தலைக்குள் கட்டி என்றால் டாக்டரின் பேனா தானாகவே டி.பி. என்றுதான் எழுதும். என் பேனாவும் எழுதியது.

அன்று ராத்திரி அவருக்கு வாந்தி. வீக்கம் குறையட்டும் என்று டெக்ஸா என்ற ஸ்டீராய்டு ஊசி எழுதினேன். நினைவு தெளிவாக இருந்தது. உயிருக்கு அவசரம் எதுவும் இல்லை. மறுநாள் முதுகில் நீர் எடுக்க வேண்டும் என்றதும் மகன்கள் மிரண்டார்கள். முதுகில் ஊசி குத்தினால் கால் விழுந்துவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். உட்கார வைத்துப் பேசிச் சம்மதிக்க வைத்தேன். அவ்வளவு பாடுபட்டு எடுத்த நீரை என்ன செய்தேன் என்பதுதான் இங்கே சொல்ல வந்தது.

அணு எண்ணிக்கை, புரதம், சர்க்கரை, ஏ.டி.ஏ., சிபிநாட் என்ற டி.பி. மரபணுச் சோதனை. இவ்வளவுக்கும் போக மிஞ்சியது குப்பைக்குப் போனது. புற்றணு இருக்கிறதா என்று பார்க்க அனுப்பவில்லை. ஒரு குழாயைக்கூட உறைய வைக்கவில்லை. டி.பி.யில் ஏறுகிற ஏ.டி.ஏ. என்ற நொதி 10-க்கு மேல் வந்தது. சிபிநாட் நெகட்டிவ்; அது நெகட்டிவ் என்றால் டி.பி. இல்லை என்று ஆகாது என்ற விதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஏ.டி.ஏ. லிம்போமாவிலும் ஏறும் என்ற இன்னொரு விதியும் எனக்குத் தெரியும். அதைப் பிடிக்கவில்லை.

டி.பி. மாத்திரையும் டெக்ஸாவும் சேர்ந்து போயின. ஒரு வாரத்துக்குள் அண்ணாச்சி எழுந்து உட்கார்ந்து பேரனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். மகள் கையெடுத்துக் கும்பிட்டு, "எங்கப்பாவத் திருப்பிக் குடுத்திட்டீக" என்றார். அந்த வாரத்துக்குப் பிறகு அவர் தெருவிலிருந்து மட்டும் எத்தனையோ பேர் வந்தார்கள். மூளை டி.பி. மாத்திரைக்கு அவ்வளவு சீக்கிரம் பணியாது, மாதக்கணக்கு ஆகும். அந்த வேகமே ஒரு தடயம். ஸ்டீராய்டு பட்டால் லிம்போசைட் அணுக்கள் தாமாகவே செத்துவிழும். லிம்போமா கட்டி பனிக்கட்டியாகக் கரையும். கரைந்தது மறுபடி வரும். பாடப்புத்தகத்தில் இருப்பதுதான். கும்பிட்ட கைகளுக்கு முன்னால் நின்றுகொண்டு பாடப்புத்தகத்தை யார் புரட்டுவார்கள்?

டெக்ஸாவைக் குறைத்ததும் தடுமாற்றம் திரும்பியது. அப்போதாவது நின்றிருக்கலாம். அதற்கும் ஒரு பெயர் கைவசம் இருந்தது. டி.பி. சிகிச்சையின் நடுவே கட்டி சில காலம் பெருத்துக் காட்டும். முரண் விளைவு என்போம். உண்மையிலேயே உள்ளதுதான். குடும்பத்தாரிடம் அதை அழகாக விளக்கி, டெக்ஸாவை மறுபடி ஏற்றினேன். மறுபடி எழுந்தார். முதல் தப்பைப் பழக்கதோஷம் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது தரம் நான் காப்பாற்றியது என் பெயரை.

மூன்றாவது தடவை விழுந்தபோது மகள் என்னைக் கேட்காமலே மதுரைக்குக் கொண்டுபோனார். அங்கே தலையில் துளையிட்டு ஊசியால் சதை எடுத்துப் பார்த்ததில், செத்த திசுவும் அழற்சியும் மட்டும். என் டெக்ஸா தடயத்தைத் துடைத்து வைத்திருந்தது. ஸ்டீராய்டை நிறுத்திவிட்டு, கட்டி மறுபடி வளரட்டும் என்று காத்திருந்து, இரண்டாவது தரம் துளையிட்டார்கள். லிம்போமா. இந்த நோய்க்கு முதுகெலும்பான மருந்து மெத்தோட்ரெக்சேட். உடற்பரப்பில் சதுர மீட்டருக்கு மூன்று, மூன்றரை கிராம் என்ற பெரிய அளவில் ஏற்ற வேண்டும். சிறுநீரகம் தாங்க வேண்டும், உடம்பு தாங்க வேண்டும். அதற்குள் அவர் தாங்கும் நிலையைக் கடந்திருந்தார். ஆடிக்கு முன் இறந்துபோனார்.

குப்பைக்குப் போன அந்த நீரில் என்ன இருந்திருக்கும்? இன்டர்லூக்கின்-10 என்ற புரதம், சுருக்கமாக ஐ.எல்-10; அந்தப் புற்றணுக்களே சுரப்பது. 1995-லேயே அமெரிக்காவில் சி-சாவோ சான் குழுவினர் கண் லிம்போமாவில், கண்ணுக்குள் இருக்கும் நீர்மத்தில் அது ஏறியிருப்பதைக் காட்டினார்கள். 2012-ல் ஜப்பானின் கோபேயில் சசயாமா குழு முதுகு நீரில் அளந்து, மில்லி லிட்டருக்கு 9.5 பிக்கோகிராமை எல்லைக்கோடாக வைத்தது. அவர்களுடைய லிம்போமா நோயாளிகளில் சுமார் 70 சதவீதம் பேர் அந்தக் கோட்டைத் தாண்டினார்கள், மற்ற கட்டிக்காரர்கள் தாண்டவில்லை. 2013-ல் சான் பிரான்சிஸ்கோவில் ரூபின்ஸ்டைன் குழு சி.எக்ஸ்.சி.எல்-13 என்ற இன்னொரு புரதத்தையும் சேர்த்து அளந்தது. லிம்போமா இல்லாதவர்களில் 99 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு இரண்டும் சேர்ந்து ஏறவில்லை. நுண்ணோக்கியில் அணுவைத் தேடுவதைவிட இந்த இரட்டை அளவீடு அதிகம் பேரைப் பிடித்தது. பிறகு மரபணு வந்தது. எம்.ஒய்.டி-88 என்ற மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறுவதால், புரதத்தின் 265-வது இடத்தில் லியூசினுக்குப் பதில் புரோலின் உட்காருகிறது. இந்த நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் அந்த மாற்றம் உண்டு. முதுகு நீரில் மிதக்கும் டி.என்.ஏ. துணுக்கிலேயே அதைக் கண்டுபிடிக்க முடிகிறது.

எங்கள் மாதிரி ஊருக்கு இவை ஏன் முக்கியம் என்றால், முதுகு நீரில் உள்ள அணுக்கள் சில மணி நேரத்தில் சிதைந்துவிடும். பஸ் ஏறிப் போய்ச் சேர்வதற்குள் பார்க்க ஒன்றும் மிஞ்சாது. உறைய வைத்த புரதமும் டி.என்.ஏ.வும் பயணம் தாங்கும். இவை ஊசித்துளைச் சோதனையை அடியோடு ஒழித்துவிடாது. டெக்ஸாவுக்குப் பணிந்த கட்டியில் ஐ.எல்-10-ம் இறங்கிவிடும், ஆகவே நீரை டெக்ஸாவுக்கு முன்னால் எடுத்தால்தான் முழுப் பயன். ஆனாலும் சந்தேகத்தைக் கிளப்ப ஒரு எண் போதும். எனக்குத் தேவைப்பட்டது அந்தச் சந்தேகம்தான்.

அந்த ஐ.எல்-10 விவகாரத்தை அண்ணாச்சி வருவதற்கு முன்பே மதுரையில் ஒரு மருத்துவர் கூட்டத்தில் கேட்டிருந்தேன். மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய பேச்சு. மனசு பிரியாணியில் இருந்தது. விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி 2022-ல்தானே திறந்தார்கள், அன்று இங்கே என்ன வசதி இருந்தது என்று சக மருத்துவர்கள் எனக்காக வாதாடுவார்கள். மதுரை எழுபது கிலோமீட்டர் சொச்சம். நாடு முழுக்கக் காலண்டர் அனுப்புகிற ஊரிலிருந்து ஒரு ஐஸ் பெட்டி வெளியூர் போயிருக்காதா? எந்த ஆய்வகத்தையும் நான் கூப்பிட்டுக் கேட்கவே இல்லை. கேட்டு, முடியாது என்று சொல்லியிருந்தால் அது வேறு கதை.

துக்கம் கேட்கப் போனபோது, "இது வேஷம் மாத்தி வர்ற நோய்மா" என்றேன் மகளிடம். பொய் இல்லை. வேஷம் போட்டு விட்டவன் நான் என்பதைச் சொல்லாமல் விட்டதுதான். அந்த வீட்டிலிருந்து தீபாவளிக்குத் தீபாவளி ஒரு கிஃப்ட் பாக்ஸ் வருகிறது. வாங்கிக்கொள்கிறேன். பேரப்பிள்ளைகள் வெடிக்கிறார்கள்.

இப்போது எடுக்கிற முதுகு நீரில் ஒரு குழாய் உறைபெட்டிக்குப் போகிறது. டெக்ஸா எழுதுமுன் நீர் எடுத்தாயிற்றா என்று நர்ஸ் என்னைக் கேட்க வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்; என்மேல் எனக்கு நம்பிக்கை போதாது. வீக்கத்தில் உயிருக்கே ஆபத்து என்றால் காத்திராமல் டெக்ஸா கொடுத்தாக வேண்டும் என்ற விதிவிலக்கு உண்டு. ராத்திரி பதினொரு மணிக்கு எந்த வீக்கமும் எனக்கு ஆபத்தான வீக்கமாகவே தெரிகிறது. அந்த நர்ஸோடு போன வாரமும் சண்டை போட்டேன். அவர் பக்கம்தான் நியாயம்.

அண்ணாச்சியின் மகளிடம் இன்னும் சொல்லவில்லை. இது அச்சாகுமுன் நேரில் போய்ச் சொல்லிவிட வேண்டும். முன்கூட்டிப் போன் பண்ணினால் சாப்பாடு சமைத்து வைத்துவிடுவார், அதனால் சொல்லாமல்தான் போக வேண்டும்.